கொள்ளையர் வேடமும் கிரியோல் நடையும்: நாலோ ஹாப்கின்சன் புனைவுகளில் மேடைப்பேச்சு

அறிவியல் புனைகதை, பொருளில் எத்துணைப் புதுமை காட்டினும், மொழியில் பெரிதும் பழமை பேணிவந்த இலக்கிய வகையாகும். வேற்றுக்கோளில் இறங்கும் கலமும், அதனை இயக்கும் சிந்தனைப் பொறியும், அங்கு எதிர்ப்படும் உயிரினமும் ஆங்கிலக் கதைகளில் நெடுங்காலம் பாடநூல் ஆங்கிலமே பேசிவந்தன. வருங்காலத்தில் வட்டார வழக்கு இராது என்பது எவரும் எழுதிவைக்காத விதிபோல நிலவிற்று. விதிவிலக்குகள் உண்டு. ஆன்டனி பர்ஜெஸ் 1962இலும் ரஸ்ஸல் ஹோபன் 1980இலும் வெளியிட்ட நாவல்கள் மொழியைச் சிதைத்தும் புனைந்தும் எழுதப்பட்டவை. எனினும் அவை ஆசிரியர் ஆக்கிக்கொண்ட மொழிகள். எந்தத் தெருவிலும் எவரும் பேசாதவை. வாழும் மக்களின் பேச்சுமொழியை, அதுவும் பள்ளிக்கூடம் 'கொச்சை' என்று ஒதுக்கிய மொழியை, வருங்காலத்தின் பொதுமொழியாக்கி எழுதியவர்களுள் நாலோ ஹாப்கின்சன் முதன்மையானவர். அவருடைய முதலிரு நாவல்களின் மொழியமைப்பையும், அம்மொழி நாடக மேடையோடும் திருவிழா வேடத்தோடும் கொண்ட உறவையும், அவற்றைத் தமிழாக்க முனைவோர் எதிர்கொள்ளவேண்டிய சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புலம்பெயர்வும் மேடையும்

ஹாப்கின்சன் 1960 திசம்பரில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். இளமைக் காலம் ஜமைக்கா, டிரினிடாட், கயானா ஆகியவற்றிலும், சிறிது காலம் அமெரிக்காவிலும் கழிந்தது. ஒரே கடற்பகுதியின் மூன்று நாடுகள் எனினும் மூன்று கிரியோல் வழக்குகள். ஒன்றைப் பேசுபவர் மற்றொன்றைக் கேட்டவுடன் அயலாரென அறிந்துகொள்வார். தாயார் நூலகப் பணியாளர். தந்தை சிலேடு ஹாப்கின்சன் கயானாவில் பிறந்த கவிஞர், நாடக ஆசிரியர், நடிகர். டெரெக் வால்காட் டிரினிடாட்டில் நடத்திய நாடகக் குழுவில் நடித்தவர். அவருக்குச் சிறுநீரக நோய் முற்றியபோது மருத்துவத்தை நாடிக் குடும்பம் 1977இல் கனடாவின் டொராண்டோ நகருக்குக் குடியேறிற்று. அப்போது மகளுக்குப் பதினாறு வயது. தந்தை 1993இல் காலமானார்.

மகள் நூலகங்களில் பணியாற்றினார். 1995இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கிளாரியன் புனைகதைப் பயிலரங்கில் பயின்றார். 1997இல் ஒரு பதிப்பகத்தின் முதல் நாவல் போட்டியில் வென்ற கையெழுத்துப்படி 1998இல் 'பிரவுன் கேர்ள் இன் தி ரிங்' என நூலாயிற்று. 'மிட்நைட் ராபர்' 2000இல் வந்தது. மறு ஆண்டில் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இவ்வெற்றிகளுக்குப் பின்னரே கொடிய இடர் நேர்ந்தது என்பது கருதத்தக்கது. கடும் இரத்தச் சோகையும் பிற நோய்களும் எழுத்தைத் தடுத்தன, வருவாய் நின்றது, ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவர் வீடின்றி வாழ நேர்ந்தது. 2007க்கும் 2012க்கும் இடையே அவரிடமிருந்து புதிய நாவல் வரவில்லை. 2011இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி கிட்டிற்று. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2021ஆம் ஆண்டுக்குரிய பெரும்புலவர் விருதினை அவருக்கு வழங்கிற்று. துன்பத்தை வென்று உயர்ந்தவர் என்னும் வாய்பாட்டில் இவ்வாழ்க்கையை அடக்கிவிட இயலாது. உயர்ந்த பின்னும் தரை நழுவிற்று.

தந்தையைப் போல் இவர் மேடையேறி நடித்துப் பெயர் பெற்றவர் அல்லர். ஆனால் நடிகரின் வீட்டில் வளர்ந்த காது இவருடையது. வசனத்தின் தாளத்தையும், வாய்க்கு வாய் மாறும் குரலையும் இவர் நூல்களில் எங்கும் கேட்கலாம்.

முதல் நாவலில் இத்தொடர்பு வெளிப்படை. வால்காட்டின் 'தி-ழான் அண்ட் ஹிஸ் பிரதர்ஸ்' நாடகத்தில் சகோதரர் மூவர்: குரோ-ழான், மி-ழான், தி-ழான். உடல் வலிமையை நம்பிய மூத்தவனும் அறிவை நம்பிய நடுவனும் பேயிடம் தோற்க, எளிய உயிர்களின் சொல்லுக்குச் செவிசாய்த்த இளையவன் வெல்கிறான். ஹாப்கின்சன் இம்மூவரையும் பாட்டி, தாய், பேத்தி என்னும் மூன்று தலைமுறைப் பெண்களாக்கினார். களம் வருங்கால டொராண்டோ. பொருளாதாரம் சரிய, அரசும் செல்வரும் நகரின் நடுப்பகுதியைக் கைவிட்டு அகன்றுவிட்டனர். எஞ்சியோருள் மூலிகை மருத்துவமும் செவிலியர் பயிற்சியும் ஒருங்கே அறிந்த பாட்டி குரோ-ழானும் கைக்குழந்தையோடு பேத்தி தி-ழானும் வாழ்கின்றனர். வெளியேயிருந்து ஆளும் மாகாணத் தலைமையமைச்சருக்கு மாற்று இதயம் தேவைப்படுகிறது. அவ்விதயம் கைவிடப்பட்ட மக்களிடமிருந்து பறிக்கப்படுகிறது. சிறுநீரகம் பழுதுபட்ட தந்தையின் பொருட்டு நாடு பெயர்ந்த மகள் உறுப்பு மாற்றத்தைக் கதையின் நடுவில் வைத்தது தற்செயல் அன்று என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. குடியேறியவரின் உடலிலிருந்து நகரம் எதை எடுத்துக்கொள்கிறது என்னும் வினா, அரசியல் முழக்கமாக இன்றி அறுவை அறையில் நிகழும் செயலாகவே அந்நூலில் எழுப்பப்படுகிறது.

பெயர்கள் தரும் தொல்லை

மொழிபெயர்ப்பாளர் முதற்பக்கத்திலேயே இடறுவது பெயர்களில். 'குரோ' பெரிய, 'மி' நடு, 'தி' சின்ன எனப் பொருள்படும் பிரெஞ்சுக் கிரியோல் முன்னொட்டுகள். பெரியம்மா, நடு அண்ணன், சின்னத்தம்பி எனப் பழகிய தமிழர் செவிக்கு இம்முறை அயலன்று. எனினும் ஆண்பெயரான 'ழான்' பெண்பெயராகும்போது பிரெஞ்சு எழுத்தில் ஈற்றெழுத்துகள் கூடும். ஒலிப்பில் மூக்கொலி உயிர் மறைந்து மெய் ஒலிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டையும் 'ழான்' என்றே எழுதும் பழக்கம் உண்டு. அவ்வாறு எழுதினால் ஹாப்கின்சன் வால்காட்டுக்குச் செய்த மறுமொழி, அதாவது மூன்று ஆண்களை மூன்று பெண்களாக்கிய செயல், பெயரளவில் புலப்படாது போகும்.

இதனினும் குறும்பான இடர் ஒன்றுண்டு. பேத்தி தன் பாட்டியை அழைக்கும் சொல் 'மாமி'. கரீபியன் வழக்கில் இது தாய்மை குறித்த விளி. தமிழிலோ அது அம்மானின் மனைவியையோ, மாமியாரையோ, ஒரு சமூகத்துப் பெண்டிரையோ குறிக்கும். ஒலிபெயர்த்து வைத்தால் உறவுமுறை தலைகீழாகும். 'அம்மாச்சி' எனலாம், ஆனால் அச்சொல் குறிப்பிட்ட சில வட்டாரங்களின் வாசத்தைக் கொணரும். 'அம்மாயி', 'அப்பத்தா' என்பனவும் அத்தகையனவே. 'பாட்டி' வட்டாரச் சார்பற்றது, ஆயினும் சற்று வெளிறிய சொல். பாட்டியே தாயாக நின்று வளர்த்த கதையாதலின், மூத்த தாய் என்னும் குறிப்புடைய 'அம்மாச்சி'யே இங்குப் பொருந்துமென்று தோன்றுகிறது.

சில வேளை தற்செயல் உதவவும் செய்யும். 'மிட்நைட் ராபர்' நாவலில் ஒரு கோள் முழுவதையும் காக்கும் சிந்தனை வலைக்குக் 'கிரானி நானி' என்று பெயர். ஆப்பிரிக்கக் கதைகளின் சிலந்தி அனான்சி, ஜமைக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்த மரூன் மக்களின் தலைவி நானி, நுண்தொழில்நுட்பத்தைச் சுட்டும் நானோ என மூன்று பொருள்கள் அதனுள் முடிச்சிடப்பட்டுள்ளன. தமிழில் இம்முடிச்சை அவ்வாறே கட்டுதல் அரிது. ஆனால் வட இந்திய மொழிகள் வழியாகத் தாயின் தாயை 'நானி' எனல் தமிழர் பலர் அறிந்ததே. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் டிரினிடாட் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்களிடம், போச்புரி வழியே, அச்சொல் இன்றும் வழங்குகிறது. ஆசிரியர் கருதினாரோ இல்லையோ, ஒலிபெயர்ப்பே ஒரு பொருளைக் கொடையாகத் தருகிறது.

கொள்ளையர் வேடம்

டிரினிடாட் கார்னிவல் திருவிழாவில் 'நள்ளிரவுக் கொள்ளையர்' என்பது மரபான வேடம். அகன்ற விளிம்பும் குஞ்சங்களும் கொண்ட பெருந்தொப்பி, தோளிலிருந்து தொங்கும் மேலங்கி, வாயில் ஊதல். வேடதாரி வழிப்போக்கரை மறித்து நின்று நெடிய வீரவசனம் பேசுவான். தான் பிறந்தபோது நிலம் அதிர்ந்ததையும், தன் முன்னோர் கவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்டதையும், தான் தப்பி உலகை அச்சுறுத்துவதையும் அடுக்குவான். கேட்டவர் காசு கொடுத்தாலன்றி வழிவிடான். இப்பேச்சு கிரியோலில் அமைவதன்று. ஆண்டையின் பாடநூலிலிருந்தும் மறைநூலிலிருந்தும் பொறுக்கிய கடுஞ்சொற்களைக் கோத்து ஊதிப் பெருக்கிய ஆங்கிலம். ஆள்பவனின் உயர்வழக்கை மிகைப்படுத்தியே அவனை எள்ளும் உத்தி.

நாவலின் தலைவி தான்-தான் சிறுமியாக இருக்கையில் இவ்வேடத்தை விரும்பி அணிந்து விளையாடுகிறாள். தந்தை அந்தோனியோ கொலைக் குற்றத்திலிருந்து தப்ப அவளையும் உடனழைத்துக்கொண்டு, குற்றவாளிகள் நாடுகடத்தப்படும் இணையுலகான 'புதிய அரைவழி மர'த்துக்கு ஓடுகிறான். அங்கு அவனே அவளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்குகிறான். பதினாறாம் பிறந்தநாளில் அவள் அவனைக் கொன்று காட்டுக்குள் ஓடுகிறாள். தன் பெயரில் பேச இயலாத அவள், கொள்ளையர் அரசியின் வேடத்தில் நீதி வழங்குபவளாக ஊர்தோறும் தோன்றுகிறாள். இறுதியில் திருவிழாக் கூட்டத்தின் நடுவே, சிற்றன்னை குற்றஞ்சாட்டி நிற்க, வேடப் பேச்சாகத் தொடங்கிய உரை சிறுகச் சிறுக வாக்குமூலமாக மாறுகிறது. நடிப்பைப் பொய் என்று கருதும் பொதுக்கருத்துக்கு இவ்விடத்தில் இடமில்லை. வேடம் இன்றேல் அவ்வுண்மை வெளிவந்திராது.

மொழிநிலையில் நோக்கின் இவ்வுரையின் திறம் இன்னும் தெளிவாகும். ஊதிய ஆங்கிலத்தில் தொடங்கும் பேச்சு, உண்மை நெருங்க நெருங்க கிரியோலுக்கு இறங்குகிறது. இவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவுவதை 'மொழி வழுக்கல்' என்னும் பொருள்பட ஹாப்கின்சன் குறிப்பிடுவார். டேவிட் டிகாம்ப் 1971இல் ஜமைக்கா பற்றியும் டெரெக் பிக்கர்டன் 1975இல் கயானா பற்றியும் விளக்கிய கிரியோல் தொடர்நிலையை நினைவுகூர்வோர்க்கு இது புதிதன்று. ஆய்வாளர் படிநிலைகளாகப் பகுத்ததை நாவலாசிரியர் ஒரே மூச்சின் ஏற்ற இறக்கமாகக் கேட்பிக்கிறார்.

இலக்கணமும் தமிழாக்கமும்

இந்நாவலில் உரையாடல் மட்டுமன்றிக் கதைகூறலும் கிரியோலே. ஆங்கிலத்தில் வட்டார வழக்கு பெரும்பாலும் மேற்கோள் குறிகளுக்குள் அடைபட்டுக் கிடப்பது. ஆசிரியர் கூற்று அதனைச் சற்று உயரத்திலிருந்து காணும். தமிழிலும் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) போன்ற முன்னோடி நாவல்களில் வட்டார மொழி பெரிதும் உரையாடலையே சார்ந்தது. கதைசொல்லியின் நாவையே கரிசல் மண்ணில் ஊன்றியவர் கி. ராஜநாராயணன். எனவே கூற்றுமொழியைப் பேச்சாக்குதல் தமிழ் வாசகர்க்கு அந்நியமன்று. சிக்கல் நுண்ணிய இடங்களில் உள்ளது.

முதலாவது, இணைப்பு வினை. கிரியோலில் பயனிலைப் பெயரடைக்குமுன் இணைப்பு வினை பெரும்பாலும் வாராது. ஆங்கில வாசகர் கண்ணுக்கு இதுவே 'இது வேறு மொழி' என்பதன் முதல் அடையாளம். தமிழிலோ 'இது என் வீடு', 'அவள் ஆசிரியை' எனப் பெயர்ப்பயனிலைத் தொடர் இணைப்பு வினையின்றி அமைதலே இலக்கண வழக்கு. ஆகவே மூலத்தில் மேடு போலத் துருத்திநிற்பது தமிழில் சமதரையாகிவிடும். இழப்பை இவ்விடத்தில் ஈடுசெய்ய முயல்வது வீண். வேறோரிடத்தில்தான் ஈடு தேடவேண்டும்.

இரண்டாவது, காலம். டிரினிடாட் வழக்கில் 'டஸ்' என்னும் துணைவினை வழக்கமாக நிகழ்வதைக் குறிக்கும். இதற்குத் தமிழில் ஆயத்தமான வடிவம் உண்டு: 'அவர் மாலையில் கடற்கரைக்குப் போவார்' என்னும்போது எதிர்கால இடைநிலை வழக்கப் பொருளையே தருகிறது. ஆங்கிலப் பொதுவழக்கைவிடத் தமிழ் இங்குக் கிரியோலுக்கு அணுக்கமானது. ஆனால் கிரியோலின் இறந்தகாலக் கதைகூறலில் வினை உருபின்றி வெறுமையாக நிற்கும். தமிழ் முற்றுவினை அவ்வாறு நிற்காது. காலமும் திணையும் பாலும் எண்ணும் ஈற்றில் ஏறியே தீரும். வினையெச்சங்களை அடுக்கி முற்றினைத் தள்ளிப்போடும் வாய்மொழிக் கதைநடை ஓரளவு துணைபுரியலாம்.

மூன்றாவது, வேற்றுமை. கிரியோலில் பெண்பாற் படர்க்கைப் பெயர் எழுவாயிலும் செயப்படுபொருளிலும் ஒரே வடிவில் வருதலுண்டு. தமிழில் அஃறிணைப் பெயர் இரண்டாம் வேற்றுமை உருபின்றி வரலாம்: 'பால் குடித்தான்'. உயர்திணைப் பெயர் அவ்வாறு வாராது. 'நான் அவள் பார்த்தேன்' எனின் வட்டார வழக்காகத் தோன்றாது. தமிழ் தெரியாதவர் பேச்சாகவே தோன்றும். கிரியோல் அரைகுறை ஆங்கிலம் என்னும் பழம் இழிவை மொழிபெயர்ப்பாளரே மீளக் கொணர்ந்தவராவார். உருபுக்கு உருபு ஒப்பிடும் மொழிபெயர்ப்பு எங்குத் தீங்காகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கதைசொல்லி யார் என்பதும் ஒரு பொறி. 'ஒரு ஊரில் ஒரு ராஜாவாம்' என்பது தமிழ்க் கதைமரபின் இயல்பான தொடக்கம்; அந்த 'ஆம்' கேள்வியறிவைக் காட்டும். வாய்மொழிச் சாயலை விழையும் மொழிபெயர்ப்பாளர் அதனைத் தாவிப் பற்றுவார். ஆனால் இந்நாவலின் கதைசொல்லி வீட்டைக் காக்கும் எஷு என்னும் சிந்தனைப் பொறி என்பதும், அது பிறக்கவிருக்கும் குழந்தைக்குத் தாயின் கதையைச் சொல்கிறது என்பதும் இறுதியில் தெரியவரும். தான்-தானின் துயரத்தைக் கேள்வியறிவாக்குதல் அப்போது குழந்தைக்குச் சொல்லப்பட்ட சான்றினை வலுவிழக்கச் செய்யும். தன்மை இடத்தில் தமிழ் வினை பால் காட்டாதாதலின், கதைசொல்லி ஆணா பெண்ணா பொறியா என்னும் மறைவைக் காப்பது மட்டும் எளிதாகிறது.

எந்தத் தமிழ்?

கிரியோலுக்கு ஈடாகத் தமிழின் ஏதேனுமொரு கிளைவழக்கைக் கொள்ளலாமா? சென்னைத் தமிழ் முதலில் நினைவுக்கு வரும். கலப்பும் வேகமும் அதற்கு உண்டு. ஆயின் திரைப்படங்கள் அதனை நகைச்சுவைக்கும் அடியாளுக்கும் உரியதாக்கிவிட்டன. தூசேன் என்னும் கோளில் கிரியோல் பொறியாளரின் மொழி, மேயரின் மொழி, தாலாட்டின் மொழி. நாவலின் அறமே அதில் அடங்கியிருக்க, ஒடுக்கப்பட்டோர் மொழி என்னும் முத்திரையை ஒட்டுவது நாவலை மறுப்பதாகும். செந்தமிழில் பெயர்ப்பதோ பாடநூலின் பக்கம் சேர்வது.

இலங்கை மலையகத் தமிழின் சொற்களைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். லயம், கங்காணி, துரை, பிரட்டு என்னும் சொற்கள் தோட்டத் தொழிலின் வரலாற்றிலிருந்து வந்தவை; கரீபியன் கரும்புத் தோட்டமும் அதே பேரரசின் அதே கூலிமுறையை அறிந்தது. நினைவு கரும்புக்காட்டை நோக்கித் திரும்பும் இடங்களில் அளவோடு இவற்றை ஆளலாம். முழு நாவலையும் அவ்வழக்கில் அமைப்பின் வாசகர் கரீபியனை விட்டு நுவரெலியாவுக்குச் சென்றுவிடுவர். ஊர், சாதி அடையாளம் குறைந்த பேச்சு நடையை அடித்தளமாகக் கொண்டு, மேலும் கீழும் படிகள் அமைத்தல் ஏற்புடையதெனக் கருதலாம். ஒரே வழக்கின் சீர்மையைக் காட்டிலும் படிகளுக்கிடையே உள்ள தொலைவே மொழிபெயர்க்கப்பட வேண்டியது.

கொள்ளையர் உரைக்கு மட்டும் தமிழில் அணித்தான மரபொன்று உண்டு. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னின்று தன் குலமும் கொற்றமும் கூறி வெளிப்படும் அரச வேடத்தின் நெடுவசனமும், அதனிடையே புகுந்து தெருப்பேச்சில் எள்ளும் கட்டியக்காரனின் குறுக்கீடும் சேர்ந்தால் அவ்வுரையின் இரு நிலைகளும் கிட்டும். ஒரு வேறுபாடு உண்டு: கூத்தில் இரு வாய்கள் பகிர்ந்துகொள்வதைத் தான்-தான் ஒரே வாயால் பேசுகிறாள்.

இந்நாவல் குறையற்றதன்று. மேற்சொன்ன இறுதியுரைக்குப்பின் கூட்டத்தார் மனம் மாறும் விரைவு நம்பத்தக்கதாக இல்லை. முதல் நாவலின் தீயோன் ரூடி, மேடையின் பேய்ப் பாத்திரத்தைவிடத் தட்டையானவன். வால்காட்டின் பேய்க்கு வாய்த்த நகையும் களைப்பும் அவனுக்கு வாய்க்கவில்லை. அந்நூலில் ஆட்சியாளர் பேசும் கனடிய ஆங்கிலமும் உயிரற்றது. கிரியோலுக்குச் செலுத்திய செவியில் பாதியேனும் அதற்குச் செலுத்தியிருக்கலாம்.

தமிழாக்குவோர் மிகுதியும் ஆய்ந்து முடிவு செய்யவேண்டியது திணை. அரைவழி மரத்தின் பழங்குடி உயிரினமான துவென்களை மனிதக் குடியேறிகள் சிறுபிள்ளைகளைப் போல ஏளனமாக நடத்துகின்றனர். அவர்களுடன் சுமை தாங்கி வரும் பெரும்பறவைகளை விலங்கெனவே எண்ணுகின்றனர். தான்-தானும் அவ்வாறே எண்ணுகிறாள். காட்டில் அடைக்கலம் புகுந்த பின்னரே, சிச்சிபுடு என்னும் துவெனின் சுமைப்பறவையான பெண்டா உண்மையில் அவன் மனைவி என்பதும், அப்பறவைகள் துவென் பெண்டிர் என்பதும், அவர்கள் பேசுவர் என்பதும் அவளுக்குத் தெரிகின்றன. ஆங்கிலத்தில் ஒரு மாற்றுப்பெயர் மாறினால் போதும். எழுவாய் மறைந்த தொடர்களில் அம்மாற்றம் தெரிவதுமில்லை. தமிழிலோ 'வந்தது', 'நின்றது', 'பார்த்தது' என ஒவ்வொரு முற்றுவினையும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு அவளை அஃறிணையில் நிறுத்திவைக்கும். பின்னர் ஒரு வரியில் 'சொன்னாள்' என வரும்.